மருந்தா, நோயா? விழித்திரையைக் காவல் காத்த கதை

1957-ஆம் ஆண்டு அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சின்னக் கட்டுரை வெளியானது. எழுதியவர் காம்பியாகி என்ற மருத்துவர். லூபஸ் நோய் உள்ள ஒருவரின் விழித்திரையில் வழக்கத்துக்கு மாறான நிறமித் திட்டுகள் இருப்பதை அவர் அதில் விவரித்திருந்தார். அந்த நோயாளி குளோரோகுயின் மாத்திரை சாப்பிட்டு வந்தவர். ஆனால் கட்டுரையின் தலைப்பே அதை லூபஸ் நோயின் கணக்கில்தான் எழுதியது. கண்ணைக் கெடுத்தது நோயா, நோய்க்குக் கொடுத்த மருந்தா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை.

இரண்டே வருடத்தில் அந்தக் கேள்வி எழுந்தது. 1959-இல் லண்டனைச் சேர்ந்த ஹாப்ஸ், சார்ஸ்பி, ஃப்ரீட்மன் ஆகிய மூவரும் 'லான்செட்' இதழில், குளோரோகுயின் நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு விழித்திரை பாதிக்கப்படுகிறது என்று வெளிப்படையாக எழுதினார்கள். அன்று தொடங்கிய ஒரு காவல் வேலை இன்றும் உலகமெங்கும் கண் மருத்துவமனைகளில் நடந்துகொண்டிருக்கிறது. லூபஸ், முடக்குவாதம் போன்ற நோய்களுக்காக வருடக்கணக்கில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறவர்களை ஏன் கண் டாக்டரிடம் அனுப்புகிறார்கள் என்பதற்கான பதில் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

தன்னையே தாக்கும் உடம்பு

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்ப்பதற்காக உடம்பில் ஒரு பாதுகாப்புப் படை இருக்கிறது. சிலருக்கு அந்தப் படை ஆள் மாறாட்டம் செய்துகொண்டு, சொந்த உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கத் தொடங்கிவிடும். இவற்றைத்தான் ஆட்டோஇம்யூன் நோய்கள் என்கிறார்கள். மூட்டுகளைத் தாக்கினால் முடக்குவாதம். தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்தக்குழாய் என்று பல இடங்களையும் தாக்கினால் லூபஸ். லூபஸ் பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வரும் நோய். இதை அடியோடு குணமாக்கும் மருந்து கிடையாது. கட்டுக்குள் வைக்கலாம், அவ்வளவுதான். எனவே இருபது வயதில் மாத்திரை தொடங்கும் ஒரு பெண் அதை அறுபது வயதிலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். இந்த 'நாற்பது வருடம்' என்பதுதான் பிரச்சினையின் மையம். இரண்டு வாரம் சாப்பிடும் மருந்துக்கும் நாற்பது வருடம் சாப்பிடும் மருந்துக்கும் ஒரே அளவுகோல் போதாது.

மரப்பட்டையில் தொடங்கிய கதை

குளோரோகுயினுக்கு ஒரு மூத்த உறவினர் உண்டு. அது குயினைன். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச் சரிவுகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. 1820-இல் பாரிஸில் பெல்லெத்தியே, காவந்து என்ற இருவர் பட்டையிலிருந்து குயினைனைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கு அதை விட்டால் அன்று வேறு கதி இல்லை. 1860-களில் ஆங்கிலேய அரசு சிங்கோனாவை நீலகிரிக்குக் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள நடுவட்டத்தில் சிங்கோனாத் தோட்டமும் குயினைன் தொழிற்சாலையும் இருந்தது பலருக்குத் தெரிந்த செய்தி.

மலேரியா மருந்தை லூபஸுக்குக் கொடுக்கலாம் என்று முதலில் எழுதியவர்களில் ஒருவர் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் ஜோசப் ஃப்ராங்க் பெய்ன். ஆண்டு 1894. தோல் லூபஸுக்குக் குயினைன் பலன் தருகிறது என்று அவர் சொன்னார்.

அதே குயினைனுக்கு இன்னொரு முகமும் இருந்தது. அளவுக்கு மீறிச் சாப்பிட்டவர்களுக்குக் காது இரைச்சலும், சிலருக்குத் திடீரென்று கண் பார்வை போவதும் 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். 1851-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆப்தல்மாஸ்கோப் கருவியை வெளியிட்ட பிறகு, அப்படிப் பார்வை இழந்தவர்களின் கண்ணுக்குள் எட்டிப் பார்க்க முடிந்தது. விழித்திரையின் இரத்தக்குழாய்கள் நூல் போல மெலிந்து கிடந்தன. 'குழாய் சுருங்கியது, இரத்தம் போகவில்லை, அதனால் பார்வை போயிற்று' என்று பலரும் நினைத்தார்கள். கேட்கச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் குயினைன் விழித்திரையின் செல்களையே நேரடியாகத் தாக்குகிறது, குழாய்கள் மெலிவது பெரும்பாலும் அதற்குப் பின்னால் நடப்பது என்பதுதான் பிற்கால ஆய்வுகள் காட்டியது. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இதே குழப்பம் மறுபடியும் வரப்போகிறது.

போர்க்களத்திலிருந்து தோல் டாக்டரிடம்

இரண்டாம் உலகப் போரில், 1942-இல், ஜப்பான் ஜாவா தீவைப் பிடித்தது. உலகின் குயினைனில் பெரும் பங்கு ஜாவாவின் டச்சுத் தோட்டங்களிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஒரே அடியில் நேச நாடுகளுக்குக் குயினைன் வரத்து நின்றுபோனது. பசிபிக் தீவுகளில் சண்டை போட்ட வீரர்களுக்குத் துப்பாக்கிக் குண்டை விடக் கொசுதான் பெரிய எதிரி. வேறு வழியில்லாமல் 1930-களில் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் கண்டுபிடித்திருந்த மெபக்ரின் என்ற செயற்கை மருந்தைத் தயாரித்து லட்சக்கணக்கான வீரர்களுக்குக் கொடுத்தார்கள். அட்டாப்ரின் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். அதைச் சாப்பிட்டால் தோல் மஞ்சளாகிவிடும்.

தற்செயலாக இன்னொன்றும் கவனிக்கப்பட்டது. மாத்திரை சாப்பிட்ட வீரர்களில் தோல் தடிப்பும் மூட்டு வலியும் இருந்தவர்களுக்கு அவை குறைந்தன. போர் முடிந்த பிறகு, 1951-இல் ஃப்ரான்சிஸ் பேஜ் என்ற மருத்துவர் லூபஸ் உள்ள 18 பேருக்கு மெபக்ரின் கொடுத்துப் பார்த்து, பலன் நன்றாக இருப்பதாக 'லான்செட்'டில் எழுதினார். அதற்குப் பிறகு தோல் மருத்துவர்களும் மூட்டு மருத்துவர்களும் மலேரியா மருந்துகளை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டார்கள்.

குளோரோகுயின் பிறந்த கதை அதைவிட வேடிக்கை. 1934-இல் பேயர் நிறுவனத்தின் எல்பர்ஃபெல்ட் ஆய்வகத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் என்பவர் அதைத் தயாரித்தார். 'மனிதர்களுக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சு' என்று முடிவு கட்டி ஓரமாக வைத்துவிட்டார்கள். 1943-இல் துனிஸ் நகரம் நேச நாடுகளின் கைக்கு வந்தபோது, அதன் நெருங்கிய உறவான சோன்டோசின் என்ற மருந்து அமெரிக்கர்களிடம் சிக்கியது. அதைப் பிரித்து ஆராயப் போய், ஜெர்மானியர்கள் ஒதுக்கிவைத்த குளோரோகுயினை மீண்டும் சோதித்துப் பார்த்தார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கும் அளவில் ஆபத்தில்லை என்று தெரிந்தது. போர் முடிந்த கையோடு அது சந்தைக்கு வந்தது. அதன் தங்கையான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கு 1955-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மலேரியாவுக்குச் சில நாட்கள் கொடுக்க உருவான ஒரு மருந்து, இப்படி ஆயுள் முழுக்கச் சாப்பிடும் மருந்தாக மாறியது. யாரும் திட்டமிட்டுச் செய்த மாற்றம் இல்லை இது. அதனால்தான் 'இருபது வருடம் சாப்பிட்டால் என்ன ஆகும்?' என்று யாரும் முன்கூட்டியே சோதிக்கவில்லை.

பொய்ச் சாட்சி சொன்ன இரத்தக்குழாய்கள்

உடம்பைக் கீறாமல் இரத்தக்குழாய்களை நேரடியாகப் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. எனவே லூபஸ் நோயாளிகளின் விழித்திரையை டாக்டர்கள் முன்பிருந்தே பார்த்துவந்தார்கள். 1940-இல் அமெரிக்காவின் மாமனி என்ற கண் மருத்துவர் லூபஸால் விழித்திரையில் வரும் மாற்றங்களை எழுதியிருந்தார். பஞ்சுத் துணுக்கு ஒட்டியது போன்ற வெள்ளைத் திட்டுகள், சிறு இரத்தக் கசிவுகள், சில சமயம் குழாய் அடைப்பு. இவை எல்லாம் நோயின் வேலை. நோய் கடுமையாக இருக்கும்போது தோன்றும், சிகிச்சை பலித்தால் பல நேரம் மறையும்.

இதனால் ஒரு சிக்கல் வந்தது. லூபஸ் உள்ளவரின் கண்ணில் புதிதாக எதைப் பார்த்தாலும் 'லூபஸ்தான்' என்று சொல்லிவிடுவது சுலபம். காம்பியாகியின் கட்டுரையில் நடந்ததும் அதுவே. குளோரோகுயின் செய்யும் சேதம் வேறு மாதிரியானது. விழித்திரையின் நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு வளையமாகச் செல்கள் அழியும். நடுப்புள்ளி மட்டும் தப்பித்திருக்கும். பார்ப்பதற்கு வில் வித்தைப் பலகையில் வரைந்த வட்டம் போல இருப்பதால் ஆங்கிலத்தில் இதற்குக் 'காளைக்கண்' என்று பெயர். சேதம் முற்றிய பிறகு நிறமி ஓரங்களிலும் சிதறும், பார்வை நரம்பின் முனை வெளுக்கும், இரத்தக்குழாய்கள் மெலியும்.

அதாவது, குழாய் மெலிந்திருப்பதைக் கண்டு 'மருந்து கண்ணைப் பாதித்திருக்கிறது' என்று சொல்லும் நிலை வந்தால், காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். குயினைன் காலத்தில் நடந்த அதே கதை. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற குழாய் மாற்றம் கடைசியில் வருகிறது. முதலில் வருவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதற்குக் காரணத்தை 1963-இல் பெர்ன்ஸ்டீனும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். விழித்திரைக்குப் பின்னால் கறுப்பு நிறமி கொண்ட ஒரு படலம் இருக்கிறது. குளோரோகுயின் அந்த நிறமியோடு ஒட்டிக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் நெடுநாள் அங்கேயே தங்கியிருக்கிறது. இதனால்தான் மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்குச் சேதம் தொடர்ந்து வளர்ந்தது. அழிந்த செல்களை மீட்கவும் வழியில்லை.

இன்னொரு கொடுமை, நோயாளிக்கும் தெரியாது. நடுப்புள்ளி தப்பித்திருப்பதால், சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை வாசித்துவிடுவார். 'பார்வை நன்றாக இருக்கிறது' என்று சீட்டு எழுதி அனுப்பிவிடலாம். புத்தகம் படிக்கும்போது வரியில் ஓரிரு எழுத்துகள் காணாமல் போவது போலத் தோன்றும். அவரும் கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

நீதிமன்றப் படியேறிய மாத்திரை

1960-களில் இந்த விவகாரம் அமெரிக்க நீதிமன்றங்களுக்கும் போனது. வணிகச் சட்டம் படிக்கிறவர்களுக்குச் சுவாரஸ்யமான பகுதி இது. குளோரோகுயினை அங்கே விற்றது ஸ்டெர்லிங் டிரக் என்ற நிறுவனம். பார்வை இழந்தவர்கள் வழக்குப் போட்டார்கள்.

1966-இல் தீர்ப்பான வழக்கில் நிறுவனத்தின் வாதம், 'இது வெகு சிலருடைய உடம்புக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாமல் போவது, இதற்கெல்லாம் எச்சரிக்க வேண்டிய கடமை இல்லை' என்ற ரீதியில் இருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. பாதிக்கப்படுவோர் எண்ணிக்கை சிறிது என்பதாலேயே எச்சரிக்கும் கடமை போய்விடாது என்றது.

1969-இல் இன்னொரு வழக்கு. முடக்குவாதத்துக்காக 1958 முதல் பல வருடம் மாத்திரை சாப்பிட்ட ஒரு நோயாளி. நிறுவனம் 1963-இல் டாக்டர்களுக்கெல்லாம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது. 'கடிதம் போட்டோமே' என்றது நிறுவனம். நீதிமன்றம் கேட்ட கேள்வி எளிமையானது. மருந்தை விற்பதற்கு மட்டும் டாக்டரின் அறைக்கு நேரில் ஆள் போகிறார், ஆபத்தைச் சொல்வதற்கு மட்டும் ஏன் தபால்? மெடிக்கல் ரெப் நேரில் போய் எச்சரித்திருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. தினமும் கட்டுக்கட்டாகத் தபால் வரும் டாக்டரின் மேசையில் ஒரு கடிதத்துக்கு என்ன மதிப்பு என்பதை நீதிபதிகள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

இந்தத் தீர்ப்புகளால் நன்மையும் வந்தது, பயமும் வந்தது. பல டாக்டர்கள் குளோரோகுயினை விட்டு, கண்ணுக்கு ஆபத்து குறைவான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கு மாறினார்கள். சிலர் இந்த மருந்துக் குடும்பமே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள்.

மொத்தக் கணக்கா, தினக் கணக்கா?

அடுத்த கேள்வி, எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து? ஆரம்பத்தில் 'வாழ்நாளில் மொத்தம் இவ்வளவு கிராம்' என்று கணக்குப் போட்டார்கள். அந்த எல்லையைத் தொட்டதும் மருந்தை நிறுத்திவிடுவது.

1983-இல் ஆலன் மெக்கன்ஸி என்ற மருத்துவர் தன்னுடைய நூற்றுக்கணக்கான முடக்குவாத நோயாளிகளின் பல வருடப் பதிவுகளை வைத்து வேறு மாதிரி யோசித்தார். மொத்தத்தை விட, உடல் எடைக்கு ஏற்ற தினசரி அளவுதான் முக்கியம் என்றார். உயரத்துக்கு ஏற்ற சரியான எடையில் ஒரு கிலோவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 6.5 மி.கி., அதற்கு மேல் போகக் கூடாது. அடுத்த முப்பது வருடத்துக்கு உலகமெங்கும் மருத்துவர்கள் பின்பற்றியது ஏறத்தாழ இந்தக் கணக்கைத்தான்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

கண்ணைப் பற்றிய பயம் ஒரு பக்கம். மருந்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை யாராவது அளந்தார்களா?

அளந்தவர்கள் கனடாக்காரர்கள். 1991-இல் வெளியான ஆய்வு அது. லூபஸ் கட்டுக்குள் இருந்த 47 பேரை எடுத்துக்கொண்டார்கள். 25 பேருக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தொடர்ந்து கொடுக்கப்பட்டது. மீதி 22 பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. ஆறு மாதத்துக்குள் மருந்து தொடர்ந்த 25 பேரில் 9 பேருக்கு நோய் மீண்டும் தலை தூக்கியது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 22 பேரில் 16 பேருக்கு. கணக்குப் பார்த்தால் மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் சுமார் இரண்டரை மடங்கு!

சின்ன ஆய்வுதான். ஆனால் தராசின் மறு தட்டில் இருப்பது என்ன என்பதை அது காட்டியது. லூபஸ் திரும்பி வந்தால் தோலோடு நிற்காது. சிறுநீரகம் போகலாம், மூளை பாதிக்கப்படலாம், அதே விழித்திரையின் இரத்தக்குழாய்கள் அடைபட்டுப் பார்வையே போகலாம். கண்ணைக் காப்பாற்ற மருந்தை நிறுத்தி, நோயால் கண்ணை இழக்கவும் வாய்ப்பு உண்டு. பிற்கால ஆய்வுகள் இந்த மருந்தைத் தொடர்கிறவர்கள் கூடுதல் காலம் உயிர் வாழ்வதையும் காட்டின. இன்று லூபஸ் உள்ள கர்ப்பிணிகளுக்கும் இதை நிறுத்தாமல் கொடுக்கவே பரிந்துரைக்கிறார்கள்.

ஆகவே 'மருந்து வேண்டுமா, வேண்டாமா' என்ற கேள்வி போய், 'மருந்தைத் தொடர்ந்துகொண்டே கண்ணை எப்படிக் காப்பது' என்ற கேள்வி வந்தது. அதற்கு, சேதம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

தெரியாததைத் தெரிய வைத்த கருவிகள்

இந்த முயற்சி 1960-களிலேயே தொடங்கிவிட்டது. 1961-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்களான நோவாட்னி, ஆல்விஸ் இருவரும் கைநரம்பில் ஃப்ளோரசின் என்ற ஒளிரும் சாயத்தைச் செலுத்தி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடுவதைப் படம் பிடிக்கும் முறையை வெளியிட்டார்கள். மாணவர்கள் செய்த வேலை என்பது குறிப்பிட வேண்டிய விஷயம்! 1962-இல் லண்டனில் ஆர்டனும் கூட்டாளிகளும் கண்ணின் மின் அழுத்தத்தை அளந்து குளோரோகுயின் பாதிப்பை முன்கூட்டியே அறிய முயன்றார்கள். சுவிஸ் மருத்துவர் ஆம்ஸ்லரின் கட்டம் போட்ட அட்டையை நோயாளிகளின் கையில் கொடுத்து, நடுப்புள்ளியைப் பார்த்தபடி எங்காவது கோடு மறைகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். எல்லாம் ஓரளவுக்கு உதவின. எதுவும் போதவில்லை.

உண்மையான திருப்பம் மூன்று கருவிகளால் வந்தது.

ஒன்று, கம்ப்யூட்டர் மூலம் பார்வைப் புலத்தை அளப்பது. நோயாளி ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் மங்கலான ஒளிப்புள்ளிகள் தோன்றித் தோன்றி மறையும். தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். எந்த இடத்தில் அழுத்தவில்லையோ அங்கே பார்வை குறைந்திருக்கிறது.

இரண்டு, ஓ.சி.டி. ஸ்கேன். 1991-இல் எம்.ஐ.டி.யின் ஃபூஜிமோட்டோ குழுவினர் வெளியிட்டது. ஒளியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போலப் படமாக்கும். கேக்கை வெட்டினால் அடுக்கு தெரிவது மாதிரி. ஒரு அடுக்கு மெலிந்திருந்தால், வெளியே நிறமி மாற்றம் எதுவும் தெரிவதற்கு முன்பே பிடிபட்டுவிடும்.

மூன்று, 1990-களின் தொடக்கத்தில் எரிக் சட்டர் உருவாக்கிய பல்புள்ளி மின் பதிவு. விழித்திரையின் ஒவ்வொரு சிறு பகுதியும் ஒளிக்கு எப்படி மின்சாரமாகப் பதில் சொல்கிறது என்பதைத் தனித்தனியாகக் காட்டும்.

2002-இல் அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. 2011-இல் திருத்தியபோது ஆம்ஸ்லர் கட்டம், வெறும் கண்ணோட்டப் பரிசோதனை, சாயப் படம் போன்றவற்றைப் பின்னுக்குத் தள்ளி, புதிய கருவிகளை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். இரத்தக்குழாய்களையும் நிறமியையும் பார்த்துத் தீர்ப்பு சொன்ன காலம் அதோடு முடிந்தது. 2010-களில் சாயம் செலுத்தாமலே மிக நுண்ணிய இரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபியும் வந்துவிட்டது. இருந்தாலும் இந்த மருந்தின் கண்காணிப்பில் பார்வைப் புலமும் ஓ.சி.டி. அடுக்குப் படமும்தான் இன்றும் முதன்மை.

2,361 பேர் சொன்ன உண்மை

புதிய கருவிகளை வைத்துப் பழைய கணக்கைச் சரி பார்த்தவர்கள் ரொனால்ட் மெல்லஸ், மைக்கேல் மார்மர் என்ற இருவர். வடக்குக் கலிபோர்னியாவில் ஐந்து வருடத்துக்கு மேல் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிட்ட 2,361 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். விழித்திரைப் பாதிப்பு 7.5 சதவீதம் பேருக்கு இருந்தது. அதுவரை எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்ததை விடப் பல மடங்கு அதிகம். மருந்து திடீரென்று மோசமாகிவிடவில்லை. முன்பு கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது இப்போது கணக்கில் ஏறியது.

ஆனால் அதே ஆய்வு தைரியமும் கொடுத்தது. உண்மையான உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி.க்குள் சாப்பிட்டவர்களுக்கு முதல் ஐந்து வருடத்தில் அபாயம் 1 சதவீதத்துக்கும் கீழே. பத்து வருடம் வரை 2 சதவீதத்துக்கும் கீழே. இருபது வருடம் தாண்டினால் மட்டும் 20 சதவீதத்தை நெருங்குகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர்களுக்கும் அபாயம் கூடுதல். 2016-இல் அகாடமி பழைய 6.5-ஐ நீக்கிவிட்டு, உண்மையான எடைக்கு 5 மி.கி. என்ற வரம்பைக் கொண்டுவந்தது.

இந்தக் கணக்கை மெலிந்த உடம்புக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மாத்திரை 200 மி.கி. 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்றால் தினம் 400 மி.கி. எண்பது கிலோ எடையுள்ளவருக்கு இது சரியாக 5 மி.கி. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கோ கிலோவுக்கு 8 மி.கி.! அவருடைய வரம்பு ஒரு நாளைக்கு 250 மி.கி.தான். மருந்து உடம்பில் நெடுநாள் தங்குவதால், சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு என்று வார மொத்தத்தைச் சரிக்கட்ட டாக்டர்களால் முடியும். எடைக் கருவியில் ஏறி நிற்பதும் கண் பரிசோதனையின் ஒரு பகுதிதான்.

2015-இல் அதே இருவர் இன்னொன்றையும் காட்டினார்கள். ஆசிய வம்சாவளியினரில் பாதிப்பு வந்தவர்களில் பாதிப் பேருக்கு வளையம் வழக்கமான இடத்தில் இல்லை, இன்னும் தள்ளி வெளிவட்டத்தில் இருந்தது. வெள்ளையரில் அப்படி இருந்தது 2 சதவீதம் பேருக்கு மட்டுமே. நடுப்பகுதியை மட்டும் சோதித்தால் இவர்களுக்கு 'ஒன்றுமில்லை' என்றே முடிவு வரும். அதனால் ஆசியர்களுக்கு அகலமான பார்வைப் புலச் சோதனை தேவை என்பது விதியானது. ஐரோப்பிய முகங்களை வைத்து எழுதிய பாடத்தில் இத்தனை வருடம் விடுபட்டுப்போயிருந்த ஒரு வரி அது.

இன்றைய கணக்கு

2020-இல் இந்த மாத்திரை கொரோனாவுக்கு மருந்து என்று உலகமே ஓடியது. மார்ச் மாதம் இந்தியா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அதே மாதம் அமெரிக்கா அவசர அனுமதி கொடுத்து, பலன் இல்லை என்று ஜூனில் திரும்பப் பெற்றது. இடையில் மருந்துக்கடையில் 'ஸ்டாக் இல்லை' என்ற பதிலைக் கேட்டுத் தவித்தவர்கள், வருடக்கணக்கில் அதை நம்பி வாழ்ந்த லூபஸ் நோயாளிகள்தான். மருந்து இல்லாமல் போவதன் பயம் என்ன என்பதை அவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

2021-இல் அமெரிக்காவின் மூட்டு மருத்துவர்கள், தோல் மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் ஆகியோரின் சங்கங்கள் ஒன்று சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. அதில் ஒரு முக்கியமான விஷயம், சந்தேகமான ஒரு சோதனை முடிவை மட்டும் வைத்து அவசரப்பட்டு மருந்தை நிறுத்தக் கூடாது, வேறு சோதனையால் உறுதி செய்ய வேண்டும், மருந்து கொடுத்த டாக்டரோடு கலந்து பேச வேண்டும் என்பது. 1959-இல் மருந்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய கண் மருத்துவம், அறுபது வருடம் கழித்து அதே மருந்தைக் காப்பாற்றவும் பேசுகிறது.

நடைமுறையில் இதற்கு ஆகும் செலவு பெரிதில்லை. அமெரிக்க விதிப்படி மருந்து தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடம் ஒருமுறை. பிரிட்டனில் ஆரம்பப் பரிசோதனை கூட வேண்டாம், ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடாந்திரச் சோதனை போதும் என்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு போன்ற காரணங்கள் இருந்தால் முன்னதாகவே தொடங்க வேண்டும். அரை நாள் லீவு போட்டு, ஒரு கிண்ணத்துக்குள் பார்த்துப் பட்டனை அழுத்திவிட்டு, ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரும் வேலை.

கண் நன்றாகத் தெரிகிறதே என்று அந்த அரை நாளைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. கண்ணுக்கு ஆபத்து என்று எங்கோ படித்துவிட்டு மாத்திரையைத் தாமாகவே நிறுத்துகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் இந்த வரலாறு ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறது. மாத்திரையை விட வேண்டாம், பரிசோதனையையும் விட வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எடையைச் சொல்லி, அளவு சரிதானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது.